வறட்டு இருமல்

ரந்தாவ், ஆறாம் கட்டைத் தோட்டம்
21 ஜனவரி 2024

அன்புத் தங்கை மாதவிக்குப் புஷ்பவள்ளி அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் நலம். ஈப்போவில் நீயும் ஹேமநாதனும் நலமாக இருக்க மாரியம்மன் துணை.

போன் எடுக்கவில்லையே என்று நினைத்திருப்பாய். என் கைப்பேசி குளியலறை வாளியில் விழுந்துவிட்டது. அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்றார்கள். வைத்திருக்கிறேன். மாமாவின் போன் அவரோடு செம்பனைப் பழ லாரியில் ஊர் சுற்றுகிறது. அதனால் பழையபடி கடிதம் எழுதலாம் என்று தோன்றியது. நீ பல்கலைக்கழகத்தில் படித்தபோது மாதம் ஒன்று எழுதுவேன். என் ல, ள, ழ எல்லாவற்றையும் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்புவாய். எனக்குக் கோபமே வராது. சித்தி மகளுக்கு எவ்வளவு தெரிகிறது பாருங்கள் என்று லயத்து வீடு வீடாகக் காட்டிக்கொண்டு திரிவேன்.

கோயில் மண்டபத்தில் பொங்கல் வைத்தோம். ஏதோ சங்கத்துப் பிள்ளைகள் வந்து காசநோய் பற்றி ஒரு தாள் கொடுத்தார்கள். பெரிய எழுத்து, சுத்தமான தமிழ். மற்றவர்கள் பொங்கல் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் முழுதும் படித்தேன். சமையலறைச் சுவரில் ஒட்டியும் வைத்திருக்கிறேன்.

தமிழ்ப்பள்ளிக் கேண்டீனில் என் வேலை போய்க்கொண்டிருக்கிறது. ஹாஜராதான் இன்னும் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறாள். “புஷ்பம், ஒன் சம்பல் இல்லன்னா பாதிப் புள்ளைங்க பள்ளிக்கூடமே வராது லா” என்கிறாள்.

பதில் போடு. சிவப்பு மை இருந்தால் அதையும் எடுத்துக்கொள்.

உன் அக்கா
புஷ்பவள்ளி


ஈப்போ
2 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலம். ஹேமநாதனுக்கு முழங்கால் வலி; மாடிப்படியைத் திட்டிக்கொண்டே ஏறுகிறார். நீயும் மாமாவும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உன் கடிதம் அப்பளம் போல் வளைந்து, மொறுமொறுவென்று வந்து சேர்ந்தது. அஞ்சல் வண்டியில் வெயில் பட்டிருக்கும். பிரித்ததும் மூக்கருகே கொண்டுபோனேன். அந்தக் காலத்தில் உன் கடிதங்களில் கித்தாப் பால் வாசம் இருக்கும். காலையில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்துவிட்டு, கையைக் கழுவியும் கழுவாமலும் உட்கார்ந்து எழுதுவாய். விடுதியில் மற்ற பெண்கள் மூக்கைப் பொத்துவார்கள். நான் ஒருநாளும் பொத்தியதில்லை என்று எழுத ஆசைதான். முதல் மாதம் நானும் பொத்தினேன். பிறகு அந்த வாசம் வராத மாதம்தான் கஷ்டமாக இருந்தது.

கோயிலில் கொடுத்த தாளைப் பற்றி எழுதியிருந்தாய். அதுமாதிரித் தாள்களில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. வாங்குகிறவர்கள் வடை எண்ணெய் துடைத்துவிட்டுப் போட்டுவிடுவார்கள். நீ ஒருத்தியாவது படித்தது சந்தோஷம்.

திருத்தம் எதுவும் இல்லை. ஒரு ‘ழ’ மட்டும் சறுக்கியிருக்கிறது. விட்டுவிட்டேன். போன் உலர்ந்ததும் கூப்பிடு.

தங்கை
மாதவி


ரந்தாவ்
19 பிப்ரவரி 2024

அன்புத் தங்கை மாதவிக்கு அக்காவின் ஆசிகள். இங்கு யாவரும் நலம். ஹேமநாதன் முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்க்கச் சொல்.

போன் இன்னும் அரிசியில்தான் இருக்கிறது.

பழைய மண்டோர் முருகையாவை ஞாபகம் இருக்கிறதா? விடியற்காலைப் பெரட்டில் வேலையாட்களை வரிசையாக நிறுத்தி அவர் பெயர் கூப்பிட்டால் தூங்குகிற பிள்ளைகூட எழுந்து உட்காரும். அந்தக் குரல் இப்போது இல்லை. ஒரு மாதத்துக்கு மேலாக இருமல், சாயங்காலமானால் உடம்பு சுடுகிறது. கிளினிக் போகணுமா என்று என்னிடம் வந்து கேட்டார். நான் சுவரில் இருக்கும் தாளைப் பார்த்துவிட்டு, “ஐயா, இதுல வறட்டு இருமல்னு போட்டிருக்கு. ஒங்களுக்குச் சளியோடல்ல வருது. அது வேற, இது வேற” என்றேன். மனிதர் நிம்மதியாகப் போனார். சுக்கும் மல்லியும் கொதிக்க வைத்துக் கொடுத்தனுப்பினேன். படித்தவர்கள் எழுதிக் கொடுத்தால் எவ்வளவு உதவி பார்.

என் ரவிக்கைகளை எல்லாம் பிடித்துத் தைக்கக் கொடுத்திருக்கிறேன். இந்த வயதில் மெலிவது நல்லதுதானே.

அக்கா


ஈப்போ
23 பிப்ரவரி 2024

அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் இன்று மதியம்தான் வந்தது. சாப்பிடுவதற்கு முன் இதை எழுதுகிறேன்.

அந்தத் தாளில் ஒரு பிழை இருக்கிறது. காசநோய்க்கு மலாயில் பழைய பெயர் ‘பாத்தோக் கெரிங்’. உனக்கே தெரியும், நம் தோட்டத்து மலாய்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் காய்ந்த இருமல். ஆனால் அது நோயின் பெயர், இருமலின் வகை அல்ல. மொழிபெயர்த்தவர் யோசிக்காமல் ‘வறட்டு இருமல்’ என்று போட்டு, தாள் முழுக்க அதையே எழுதியிருக்கிறார். இருமல் சளியோடு வந்தாலும் வறட்சியாக வந்தாலும், இரண்டு வாரத்தைத் தாண்டினால் பரிசோதிக்க வேண்டும். மாலைக் காய்ச்சல், மெலிவு, வியர்வை, சளியில் ரத்தம் என்று எது சேர்ந்தாலும் ஒருநாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

முருகையாவை நாளைக்கே கிளினிக்குக்கு அனுப்பு. சளியைச் சோதித்து, நெஞ்சைப் படம் எடுப்பார்கள். அந்த நோயாகவே இருந்தாலும் ஆறு மாத மாத்திரையில் குணமாகும். விட்டால் ஆளைக் கொன்றுவிடும், வீட்டில் உள்ளவர்களுக்கும் பரவும்.

சுவரில் உள்ள தாளைக் கிழித்துப் போடு. என்ன ஆயிற்று என்று எழுது.

மாதவி


ரந்தாவ்
18 மார்ச் 2024

அன்புத் தங்கைக்கு, இங்கு யாவரும் நலம். அங்கே அனைவரின் சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

முருகையா போய்ப் பார்த்துவிட்டார். ஒன்றும் இல்லையாம். நீ கவலைப்படாதே. தாளைக் கிழிக்க மனம் வரவில்லை, இருக்கட்டும்.

இந்த வாரம் ஏனோ நம் கடைசிச் சித்தி பஞ்சாலையின் நினைப்பாகவே இருக்கிறது. உனக்கு அப்போது எட்டு வயது. எனக்குப் பதினாறு. சித்தி எல்லோருக்கும் முன்னால் நிரையை முடித்துவிட்டு, பால் வாளியைத் தலையில் வைத்துக்கொண்டு பாடியபடி வருவாளே. ஸ்டோரில் பால் நிறுக்கிற கிராணிகூட அவள் பாட்டு முடியும்வரை காத்திருப்பார். பிறகு பாட்டு நின்று இருமல் வந்தது. எலும்புருக்கி என்று லயத்தில் காதோடு காதாகப் பேசினார்கள். அவளுக்கென்று நீல மங்கு ஒன்றைப் பின்பக்கத்து ஆணியில் தொங்கவிட்டோம். அவளுக்குத் தேநீர் கொண்டுபோகிற வேலை எனக்கு. மேலேயிருந்து ஊற்றுவேன், மங்கில் கை படாது. நீ ஒருநாள் தாகத்தில் அந்த மங்கை எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டாய். உன் அம்மா அடித்த அடியில் விளக்குமாறு உடைந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் சித்திக்கு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதம் சாப்பிட்டாள். உடம்பு தேறிவிட்டது என்று நிறுத்திவிட்டாள். நிறுத்தினால்தான் மங்கை ஆணியிலிருந்து இறக்குவோம் என்று நினைத்தாளோ என்னவோ. அவள் கண்ணை மூடும்வரை இறக்கவே இல்லை.

கிளினிக்குக்குப் போகிற பாதை இன்னும் நம் வரிசை வாசலைத் தாண்டித்தான் போகிறது. பார்க்காதவர் இருக்க மாட்டார்கள்.

அக்கா


ஈப்போ
23 மார்ச் 2024

அக்காவுக்கு,

நேற்று மாமாவுக்குப் போன் செய்தேன். முருகையாவுக்கு உடம்பு எப்படி என்று மட்டும்தான் கேட்டேன். மாமா சிரித்தார். “முருகையாவா? அவரு நீலாயில மக வூட்டோட போயி ரெண்டு வருசம் ஆச்சேம்மா. கொழுகொழுன்னு இருக்காரு.”

அக்கா, இருமுவது யார்?

இதைக் கேட்பதற்கு முன் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. சென்ற மாதமே சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தாளை மொழிபெயர்த்தது நான். ஒரு மாலையில் நான்கு தாள் முடித்துக் கொடுத்தேன். யார் என்ன சொன்னாலும் ஆதாரம் கேட்கிறவள் நான், உனக்குத் தெரியும். சிறுவயதிலிருந்து காதில் விழுந்த சொல் என்பதால் இதை மட்டும் சந்தேகப்படவில்லை. ‘மொழிபெயர்த்தவர்’ என்று யாரோ மூன்றாம் மனிதரைப் போல் உனக்கு எழுதினேன். வெட்கமாக இருக்கிறது. தாளை வெளியிட்ட அமைப்புக்குச் சொல்லி, மீதமிருந்த தாள்களை நிறுத்திவிட்டேன். உன் சுவரில் இருப்பதை நிறுத்த முடியவில்லை.

மாமாவிடம் எதுவும் சொல்லவில்லை. ஏப்ரல் பதினைந்துக்குள் நீ கிளினிக்குக்குப் போகாவிட்டால் சொல்லிவிடுவேன். இனிமேல் எனக்கு ‘நலம்’ என்று எழுதாதே. எடை எவ்வளவு என்று எழுது.

மாதவி


ஈப்போ
16 ஏப்ரல் 2024

அக்கா,

புத்தாண்டு வந்து போயிற்று. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கெடு நேற்று முடிந்தது. மாமாவின் எண்ணை இரண்டு முறை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். நான் சொல்வதைவிட நீ சொல்வதுதான் முறை என்று தோன்றுகிறது. இது நியாயமா, என் கோழைத்தனமா என்று எனக்கே விளங்கவில்லை.

தபால் வருகிற நேரம் மத்தியானம் ஒன்றரை. அதுவரை எந்த வேலையும் ஓடுவதில்லை. கோபம் இருந்தால் கோபமாகவே எழுது.

மாதவி


ரந்தாவ்
2 மே 2024

அன்புத் தங்கை மாதவிக்கு அக்கா எழுதுவது. எடை நாற்பத்தொன்றரை. காசநோய்தான்.

உன் மார்ச் மாதக் கடிதம் வந்த அன்று சாயங்காலமே மாமாவிடம் சொன்னேன். சோறு பிசைந்துகொண்டிருந்தார். “தெரியும்” என்றார். “தெரிஞ்சா ஏன் கேக்கல?” என்றேன். “நீயா சொல்லுவேன்னு இருந்தேன்” என்றார். முப்பத்துநான்கு வருஷக் குடும்பத்தை இப்படித்தான் நடத்தியிருக்கிறோம். மறுநாள் காலையில் பழ லாரியிலேயே ஏற்றிக்கொண்டுபோய்க் கிளினிக் வாசலில் இறக்கிவிட்டு, “முடிஞ்சதும் இங்கயே நில்லு” என்று ஹாரன் வேறு அடித்தார். யாருக்கும் தெரியக் கூடாது என்று நான் மூன்று மாதம் பட்ட பாடு அந்த ஒரு ஹாரனில் போயிற்று.

சளி கொடுத்தேன், படம் எடுத்தார்கள். ஏப்ரல் ஐந்திலிருந்து மாத்திரை. தினமும் காலையில் போய் நர்ஸ் மிசி கண் முன்னால் விழுங்கிவிட்டு வர வேண்டும். மாமாவையும் சோதித்தார்கள். அவருக்கு ஒன்றும் இல்லை.

உனக்கு எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. உட்கார்ந்தால் பேனா நகரவில்லை. என் மூச்சு பட்ட காகிதம் உன் வீட்டுக்குள் வருமே என்று பயம். அப்பளம் மாதிரி வந்தது என்று எழுதியிருந்தாயே. ஜனவரியிலிருந்து உனக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் கொடியில் கிளிப் போட்டு, வெயிலில் காயவைத்துத்தான் தபாலில் போட்டேன். ஒன்றுமில்லை என்று நம்புகிறவள் எதற்குக் காயவைக்க வேண்டும் என்று நீ கேட்பாய். அதைத்தான் நானும் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியில் மிசியிடமே கேட்டுவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. “காயிதத்துல வராதும்மா. தட்டுல, மங்குல, துணியில எதுலயும் வராது. மருந்து சாப்புடாத ஆளு பக்கத்துல நின்னு இருமினா, அந்தக் காத்துலதான் வரும். சன்னலத் தொறந்து வச்சுக்குங்க, மூக்கு வாய மூடிக்குங்க, மாத்திரய விடாதீங்க. கொஞ்ச நாள்ல அதுவும் பரவாது” என்றாள்.

மங்கில் வராதாம், மாதவி. அப்படியானால் சித்தியின் மங்கை எதற்கு ஆணியில் மாட்டினோம்?

தாளை எழுதியது நீ என்று மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். அது எனக்குப் பொங்கலன்றே தெரியும். அடியில் எறும்பு அளவு எழுத்தில் உன் பெயர் இருக்கிறது. அதற்காகத்தான் சுவரில் ஒட்டினேன். வேறு யார் எழுதியிருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன். பிப்ரவரியில் நீ ‘மொழிபெயர்த்தவர்’ என்று எழுதியதைப் படித்தபோது, இவளும் காயவைத்துத்தான் அனுப்புகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் பழி முழுவதையும் நீயே எடுத்துக்கொள்ளாதே. உன் தாளை நம்பியது பாதி, நம்ப ஆசைப்பட்டது பாதி. அந்த வார்த்தை இல்லாவிட்டால் வேறொன்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இந்தக் கடிதம் வெயிலில் காயாதது. தொட்டுப் பார், தெரியும்.

அக்கா


ஈப்போ
7 மே 2024

அக்காவுக்கு,

தொட்டுப் பார்த்தேன். மெத்தென்று இருக்கிறது.

நீண்ட கடிதம் எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. இருபத்தைந்தாம் தேதி காலை ரயிலில் சிரம்பான் வருகிறேன். மாமாவை லாரி கொண்டுவர வேண்டாம் என்று சொல். ஹாரன் அடிக்காத வண்டியாக இருந்தால் நல்லது.

மாதவி


ரந்தாவ்
14 ஜூலை 2024

அன்புத் தங்கைக்கு, எடை நாற்பத்தாறு. ஹேமநாதன் முழங்கால் எப்படி?

நீ வந்து போய் ஒன்றரை மாதம் ஆகிறது. என் மங்கிலிருந்த மீதித் தேநீரை நீ எடுத்துக் குடித்ததை நான் பார்க்காதது போல் இருந்தேன். வேண்டுமென்றே குடித்தாய் என்று தெரியும். நல்லவேளை, விளக்குமாறு எடுக்க உன் அம்மா இல்லை.

மாத்திரை ஆரம்பித்ததும் சிறுநீர் செம்பருத்திச் சாறு மாதிரி போயிற்று. ரத்தம் என்று நினைத்துக் குளியலறையிலேயே உட்கார்ந்து அழுதேன். மாத்திரை நிறம்தானாம். அதை முதலில் சொல்லக் கூடாதா என்று மிசியிடம் சண்டை போட்டேன். “மொத நாளே சொன்னேனேம்மா, நீங்க எங்க கேட்டீங்க?” என்றாள். உன் புதுத் தாளில் இதையும் போடு.

மருத்துவர் சரி என்றதும் இந்த மாதம் கேண்டீனுக்குத் திரும்பினேன். இரண்டு மூன்று தாய்மார்கள் வந்து, “அவங்க கையால எங்க புள்ளைங்களுக்கு வேணாம்” என்றார்கள். ஹாஜரா கரண்டியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள். “கிளினிக்ல எழுதிக் குடுத்த காயிதம் இருக்கு, பாக்குறியா? மருந்து சாப்புடுறவளப் பாத்துப் பயப்படாத. இருமிக்கிட்டே பஸ்ல பக்கத்துல ஒக்காந்து வரான் பாரு, அவனப் பாத்துப் பயப்படு.” அவர்கள் போன பிறகு என் பக்கம் திரும்பி, “இருமல மறச்சியே புஷ்பம், சம்பல்ல உப்பு கூடுனத மறைக்க முடிஞ்சுதா?” என்றாள். இருந்தும் ஒரு பிள்ளை மட்டும் இன்னும் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவருகிறது. என்னைப் பார்த்தால் டப்பாவை மூடிக்கொள்கிறது.

இப்போது இருமல் துளியும் இல்லை. நன்றாகப் பசிக்கிறது. இதற்கு மேல் எதற்கு மாத்திரை என்று ஒருநாள் தோன்றியது. அன்றைக்குக் கிளினிக் பாதையில் பாதி தூரத்தில் நின்றுவிட்டேன். சித்தியும் இப்படித்தான் ஒருநாள் நின்றிருப்பாள். பிறகு நடந்துவிட்டேன்.

அக்கா


ஈப்போ
1 செப்டம்பர் 2024

அக்காவுக்கு,

நலம். முழங்கால் பரவாயில்லை, படிகளைத் திட்டுவது குறைந்திருக்கிறது. உன் எடையை எழுது.

புதுத் தாளின் கைப்படி இத்துடன். அமைப்பில் இரண்டு மருத்துவர்கள் படித்துச் சரி என்றார்கள். அது எனக்குப் போதவில்லை. உன்னைவிட இதை உன்னிப்பாகப் படித்தவர் நாட்டில் வேறு யாரும் இருக்க முடியாது. சிவப்புப் பேனா ஒன்றும் உறையில் வைத்திருக்கிறேன். இந்த முறை திருத்துவது நீ.

கீழே மொழிபெயர்ப்பாளர் பெயர் போடும் இடத்தைக் காலியாக விட்டுவிடச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

மாதவி


ரந்தாவ்
20 அக்டோபர் 2024

அன்புத் தங்கை மாதவிக்கு அக்கா எழுதுவது. எடை ஐம்பத்தொன்று. இனி எழுதலாம் என்பதால் எழுதுகிறேன்: நலம்.

இந்த மாதத் தொடக்கத்தில் மாத்திரை முடிந்தது. சளியில் ஒன்றும் இல்லை, படமும் சரி. மிசி அட்டையில் கடைசிக் கட்டத்தைக் கிறுக்கிவிட்டு, “இனிமே வராதீங்க” என்றாள். அவளுக்கு ஒரு டப்பா சம்பல் கொடுத்தேன்.

தாளைத் தாமதமாகத் திருப்பி அனுப்புகிறேன், கோபிக்காதே. முதல் பக்கத்தில் ‘தொடர் இருமல்’ என்று போட்டிருக்கிறாய். அதை அடித்துவிட்டேன். எங்கள் ஆட்கள் “தொடர்ந்து இல்ல, விட்டுவிட்டுத்தான் வருது” என்பார்கள். ‘சளியோடு வந்தாலும் சரி, காய்ந்து வந்தாலும் சரி, விட்டுவிட்டு வந்தாலும் சரி, இரண்டு வாரம் தாண்டிவிட்டால் கிளினிக்’ என்று எழுதியிருக்கிறேன். தப்பிக்க நினைக்கிறவர்களுக்கு ஒரு சந்துகூட விடக் கூடாது. நானே சொல்கிறேன். அடுத்த பக்கத்தில் ‘பாத்திரங்கள் மூலம் பரவாது’ என்பதை இரண்டு மடங்கு பெரிய எழுத்தில் போடு. அதற்குக் கீழே ஒரு மங்கு படம் வரையச் சொல். நீல நிறத்தில்.

கடைசியில் காலியாக விட்ட இடத்தில் உன் பெயரைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். எடுக்காதே. உன் பெயர் இருந்தால் நான் படிப்பேன்.

இன்னும் ஒன்று. என் போன் தண்ணீரில் விழவே இல்லை. உன்னோடு பேசினால் இரண்டாவது வார்த்தையில் இருமல் வரும், நீ கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான் அணைத்து வைத்தேன். கடிதத்தில் இருமல் கேட்காது இல்லையா. ஆனால் அரிசி டின்னில் வைத்தது மட்டும் நிஜம். இன்றைக்கு எடுத்துத் துடைத்தேன்.

இந்தப் பத்து மாதத்துக் கடிதங்களை, உன் பல்கலைக்கழகக் காலத்துக் கடிதங்களோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன். இனி எழுதாமல் போய்விடுவோமோ என்று கொஞ்சம் வருத்தம்தான். இருந்தாலும், இந்தக் கடிதம் கிடைத்த அன்று சாயங்காலம் ஒரு போன் அடி, நானே எடுப்பேன். தீபாவளிக்கு எந்த ரயில் என்று சொல். நடுவில் நான் இருமினால், மிளகாய் தாளிக்கிறேன் என்று அர்த்தம். நம்பாவிட்டால், அடுப்புச் சத்தத்தையும் கேள்.

உன் அக்கா
புஷ்பவள்ளி